ஒன்பது பேரும் ஒரு வாளித் தண்ணீரும்

நெலியா பபிலோனியாவின் வலது முன்கையில் ஒரு தழும்பு உண்டு. இஸ்திரிப் பெட்டியின் மூக்கை அப்படியே அச்செடுத்தது போல இருக்கும். பட்டம் வாங்கியவர்கள் சுவரில் மாட்டி வைக்கிறார்கள், நான் கையிலேயே வைத்திருக்கிறேன் என்று அதைக் காட்டிச் சொல்வாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் அவள். இலோயிலோ ஆற்றங்கரையில் பாலாபாகோ பேட்டையில் அதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் ஒரு காலத்தில் நிறைய பேர் இருந்தார்கள். இப்போது அவர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் பிரஷர் பார்த்துச் சொல்கிறாள்.

இருபத்து மூன்று வருடம் அவள் துணி தேய்த்தாள். முதலில் கரிப்பெட்டி. சூடு ஏறியதும் வாழையிலையில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் பெட்டி வெண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடும். பிறகுதான் மின்சாரப் பெட்டி வந்தது. ஒரு சட்டையைக் கையில் எடுத்தாலே, போட்டவர் உட்கார்ந்து வேலை செய்கிறவரா, நின்று வேலை செய்கிறவரா, வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவாள். முக்கால்வாசி சரியாகவே இருக்கும்.

அவளை ஆஸ்பத்திரிப் பக்கம் இழுத்தது ஒரு கட்டில் விரிப்பு. கிரிசெல்டா என்கிற நர்ஸின் சீருடைகளை அவள்தான் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கொடுக்கப் போனபோது அந்த வீட்டில் ஒரே தடுமாற்றம். பக்கவாதம் வந்து படுத்திருந்த கிரிசெல்டாவின் அப்பா கட்டிலில் கீழே கீழே சரிந்திருந்தார், கால் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்க்கிறார்கள், கிழவர் வலியில் முனகுகிறார். நெலியா சீருடைகளை நாற்காலியில் வைத்தாள். அவருக்கு அடியில் இருந்த விரிப்பின் இரண்டு ஓரத்தையும் தோள்வரை சுருட்டினாள். ஒரு பக்கம் தான் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் கிரிசெல்டாவைப் பிடிக்கச் சொல்லி, ஒன்று இரண்டு என்று எண்ணி ஒரே இழுப்பு. கிழவர் தலையணையில் போய்ச் சேர்ந்தார். முனகல் கூட இல்லை.

அதை நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடத்தில்தான் சொல்லிக் கொடுப்பார்களாம். யாரிடம் கற்றாய் என்று கிரிசெல்டா கேட்டாள். நனைந்த போர்வையை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பிழிகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்று நெலியா திருப்பிக் கேட்டாள்.

அந்தக் கிழவரை மூன்று வருடம் அவள் பார்த்துக்கொண்டாள். ஒரு படுக்கைப் புண் வரவில்லை. அவர் போன பிறகு, நர்ஸுக்கு உதவியாள் பயிற்சிக்கு கிரிசெல்டாவே அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அப்போது நெலியாவுக்கு நாற்பத்தொன்று, பிள்ளைகள் மூன்று. பாடப் புத்தகத்தை அவள் கணவன் பெலோய்தான் வாசிப்பான். அவனும் ஆறாம் வகுப்புதான். அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்க, இவள் தேய்த்துக்கொண்டே கேட்பாள். மனித உடம்பில் இருக்கிற எலும்புகளைச் சட்டைப் பொத்தானோடு பொத்தானாக எண்ணி மனப்பாடம் செய்தாள். முதல் தடவையிலேயே தேறினாள். இதைச் சொல்லும்போது "முதல் தடவையிலேயே" என்பதை அவள் இரண்டு தடவை சொல்வாள். பொய்யில்லை, சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு பத்து வருடம் பெண்கள் வார்டில் வேலை. தேய்ப்புத் தொழிலை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணியை மட்டும் தேய்ப்பாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு ஆனபோது கிரிசெல்டா ஒரு யோசனையோடு வந்தாள். நகரத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் போதவில்லை, வீட்டில் வைத்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கிடைப்பதில்லை. பேட்டையிலோ பிள்ளைகுட்டிக்காரர்கள் அன்றாடம் கிடைத்த வேலைக்குப் போய் அல்லாடுகிறார்கள். பேட்டை மண்டபத்தில் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை இலவச வகுப்பு வைக்கலாம், பயிற்சி அலுவலகம் சாமான்கள் தரும் என்றாள். பாடத்தைக் கிரிசெல்டா சொல்வாள், கையால் செய்து காட்டுவது நெலியா. நெலியா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எத்தனாவது படித்தாய் என்று யாரையும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி இருந்தால், தான் அந்த மண்டபத்து வாசல்படியில் கால் வைக்கமாட்டேன் என்றாள். கேள்வியை எடுத்தார்கள்.

பதினான்கு பேர் சேர்ந்தார்கள். எல்லாரும் தாய்மார்கள், ருஃபோ ஒருவனைத் தவிர. ருஃபோ முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன், மனைவியை இழந்தவன், இரண்டு பெண்களுக்குத் தகப்பன். விடியற்காலையிலிருந்து ஒரு மணிவரை ஓட்டிவிட்டு வண்டியோடு மண்டபத்துக்கு வருவான். நாடி பார்ப்பதில் அவனை அடிக்க ஆளில்லை, எஞ்சின் சத்தத்திலேயே கோளாறு கண்டுபிடிக்கிற காது அது. பெண்களில் டெசிங் என்று ஒருத்தி. நாற்பது வயது, நாலு பிள்ளைகள், நாக்கில் கடுகு தாளிக்கிற பேச்சு. அவள் விரித்த கட்டில் விரிப்பில் ஒரு நாணயத்தைப் போட்டால் துள்ளும். பெரும்பாலும் தேய்க்கிற பெண்கள்தானே, விரிப்பின் மூலையை மடிப்பதற்கு அவர்களுக்கு யார் சொல்லித் தரவேண்டும்?

நெலியா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், பதினான்குக்குப் பதினான்கும் தேறும் என்று. சந்தையில் மீன் வாங்கும்போது சொன்னாள். கோயில் வாசலில் பாதிரியாரிடம் சொன்னாள். ஜீப்னி வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடமும் சொன்னாள்.

தேர்வு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் வந்தது. ஐந்து பேர் தேறினார்கள். ஒன்பது பேர் தேறவில்லை.

மறுவாரம் பயிற்சி அலுவலகத்திலிருந்து சார் மொந்தெனெக்ரோ வந்தார். மரியாதை தெரிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர், வெள்ளைச் சட்டையில் இரண்டு பேனா. ஒன்பது பேரும் ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கிறார்கள், முதல் படியிலேயே, கை கழுவுவதில், என்று தாளைக் காட்டினார். குழாயைத் திறந்தார்கள், சோப்பை எடுத்தார்கள், தேய்க்கிற மாதிரி கையை ஆட்டினார்கள், ஆனால் கையில் தண்ணீர் படவில்லை என்று சோதித்தவர் எழுதியிருந்தார். நோயாளியைத் தொடுவதற்கு முன் கை கழுவாதவருக்கு மற்ற எதிலும் மதிப்பெண் கிடையாது. சுத்தம் என்றால் என்ன என்று புரிவதற்கே ஓரளவு படிப்பு வேண்டும் என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். இனிமேல் பத்தாவது முடித்தவர்களை மட்டும் சேர்ப்பது என்று மேலே எழுதப் போவதாகவும் சொன்னார்.

ஒன்பது பேரும் மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். டெசிங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது என்றால் அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட மறுபடி உள்ளே வரமுடியாது. அவர்களுக்குப் பின்னால் பெயர் கொடுத்துக் காத்திருந்த முப்பது பேரிலும் நாலைந்து பேர் வந்தால் அதிகம்.

நெலியா எழுந்தாள்.

"சார், நாலு வாரம் குடுங்க. இந்த ஒம்பது பேருக்கும் மறுபடி சோதனை வைங்க. ஒருத்தர் தவறினாலும் நீங்க சொன்ன மாதிரி எழுதிக்குங்க. நானும் இந்தப் பக்கம் வரமாட்டேன், பழையபடி பெட்டியப் புடிக்கப் போயிடறேன்."

"ஒம்பதும் தேறணும், மனாங் நெலியா. எட்டு இல்ல" என்றார் அவர். வயதில் மூத்த பெண்ணை அந்த ஊரில் மனாங், அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எனக்கு ஒம்பதுவரைக்கும் எண்ணத் தெரியும் சார்."

அவர் போனபிறகு கிரிசெல்டா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எட்டு என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா மனாங் என்று கேட்டாள். நெலியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மனது அந்தத் தாளிலேயே நின்றது. கையில் தண்ணீர் படவில்லை. அசுத்தமான பெண்களா இவர்கள்? ஊராருடைய அழுக்கையெல்லாம் வெளுத்துக் கொடுக்கிறவர்கள். டெசிங் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம்.

தேறிய ஐந்து பேரை விரல் மடக்கி எண்ணினாள். மீன் கடைக்காரிகள் இரண்டு பேர், முட்டை விற்கிறவள், தையல்காரி, கோயில் பெருக்குகிறவள். தவறிய ஒன்பது பேரை எண்ணினாள். தேய்க்கிற பெண்கள் எட்டு, வண்டி ஓட்டுகிற ருஃபோ ஒன்பது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். வீட்டுக்கு வீடு சீருடை மலையாகக் குவிந்து கிடந்த வாரம். அன்று காலை முழுக்கத் தேய்த்துவிட்டு, சூடு ஆறாத கையோடு நேரே தேர்வுக்கு வந்திருக்கிறார்கள்.

நெலியாவுக்குப் பிடிபட்டது. பஸ்மா.

அந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இந்தப் பயம் தாய்ப்பாலோடு வருவது. வேலை செய்து சூடேறிய கையை உடனே தண்ணீரில் விட்டால் நரம்பில் பஸ்மா ஏறும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது. வயதானபின் கை நடுங்கும், நரம்பு புடைக்கும், சோற்றுக் கவளம் வாய்க்குப் போகாது. தேய்த்த கையை, பொழுது சாய்ந்து சூடு நன்றாக ஆறுவதற்கு முன்னால் நனைக்கிற பெண் பாலாபாகோவில் கிடையாது. வண்டியின் கைப்பிடியை எட்டு மணிநேரம் இறுக்கிப் பிடித்தவனுக்கும் அதேதான்.

மறுநாள் டெசிங்கைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். டெசிங் மறைக்கவில்லை.

"ஆமா மனாங், நனைக்கல. எங்க அத்தை கையப் பாத்திருக்கீங்கள்ல? காப்பிக் கோப்பையத் தூக்குனா பாதி மடியில. எனக்கு நாலு புள்ளைங்க. வேலை கெடைக்குமோ கெடைக்காதோ, கை போச்சுன்னா இஸ்திரியும் போச்சு."

"பெறகு ஏன் இத்தன நாள் வகுப்புல ஒருத்தியும் வாயத் தொறக்கல?"

"வகுப்புல எங்க தண்ணி இருந்துச்சு? நீங்கதான சொன்னீங்க, தண்ணிய வீணாக்காதீங்க, சும்மா கையக் காட்டினாப் போதும்னு. நாங்க நெனச்சோம், மனாங்குக்கு நம்ம கஷ்டம் தெரியும்னு."

  தண்ணீரை வீணாக்காதே என்று நெலியா ஏன் சொன்னாள்? குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதானே இருந்தது. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் யோசித்தாள். பத்து வருடம் வார்டில் நாளுக்கு ஐம்பது தடவை கை கழுவினாள், உண்மை. ஆனால் அப்போது அவள் தேய்ப்பதை விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேய்த்தால்? திங்கட்கிழமை காலைவரை கையை நனைத்ததில்லை. பாத்திரம் பெலோய்தான் கழுவுவான். இருபத்து மூன்று வருடமும் அதன் பிறகு பதினோரு வருடமும், தேய்த்த கையை ஒரு தடவைகூட அவள் தண்ணீரில் விட்டதில்லை. அவளுடைய அம்மாவும் தேய்த்தவள்தான். கடைசிக் காலத்தில் அம்மாவின் கை, காற்றில் ஆடுகிற இலை மாதிரி இருந்தது. அதை நெலியா மறக்கவில்லை.

ஆக, பயந்தவர்கள் ஒன்பது பேர் இல்லை. பத்துப் பேர்.

அவள் கிரிசெல்டாவிடம் போய்க் கேட்டாள், படித்தவள் நீ, மறைக்காமல் சொல், பஸ்மா உண்டா இல்லையா. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை மனாங், கை நடுங்குவதற்கு வேறு காரணங்கள் உண்டு என்று கிரிசெல்டா சொன்னாள். இதை அந்த ஒன்பது பேருக்கும் எடுத்துச் சொன்னாள்கூட. அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கை மட்டும் நனையவில்லை. தலை ஒப்புக்கொள்வதைக் கை ஒப்புக்கொள்ளவேண்டுமே. வாயால் போகிற பயமா இது? கண்ணால் பார்த்தால்தான் போகும்.

அடுத்த நாள் காலை நெலியா, டெசிங் தேய்க்கிற வீட்டுக்கே போனாள். டெசிங்கின் கூடையிலிருந்து பள்ளிச் சீருடை இருபத்தைந்து உருப்படி வாங்கி, தானே தேய்த்தாள். பாவாடை ஒவ்வொன்றுக்கும் பதினாறு மடிப்பு. பழைய கை, மறக்கவில்லை. உள்ளங்கை சிவந்து கொதித்தது. அப்படியே மண்டபத்துக்கு நடந்தாள். டெசிங் பின்னாலேயே வந்தாள், இதெல்லாம் வேண்டாம் மனாங், ஐம்பத்திரண்டு வயதில் விளையாடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே.

மண்டபத்தின் நடுவில் ஒரு வாளித் தண்ணீர். மீதி எட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள். பள்ளிக்கூட வாசலில் ஐஸ் விற்கிறவனிடம் ஒரு துண்டு வாங்கி அதில் போட்டிருந்தாள், அரைகுறையாகச் செய்தால் ஊர் நம்பாது என்பதற்காக. நெலியா வாளியைப் பார்த்தாள். ஒரு கணம் அம்மாவின் கை கண்முன் வந்தது. பிறகு மணிக்கட்டுக்கு மேலே போகும்வரை இரண்டு கையையும் உள்ளே விட்டாள்.

ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று முறைப்படி கழுவினாள். துடைத்துவிட்டு, தன் பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். நடுங்குகிற கைக்கு நூல் கோக்க வராது. எல்லாரும் பார்க்கக் கோத்தாள். ஒரே தடவையில்.

பஸ்மா இன்றைக்கே வராது மனாங், நாள்பட நாள்படத்தான் ஏறும் என்று ருஃபோ மெதுவாகச் சொன்னான். அப்படியானால் தினமும் பார் என்றாள் நெலியா. தினமும் காலையில் ஒரு வீடாகப் போய்த் தேய்த்தாள், தினமும் இரண்டு மணிக்கு வாளியில் கையை விட்டாள், தினமும் ஊசி கோத்தாள். செய்தி பரவி, வகுப்பில் இல்லாதவர்களும் ஜன்னலில் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். வீட்டில் பெலோய் பேசுவதை நிறுத்திவிட்டான். உனக்குக் கை போனால் நான்தான் ஊட்டிவிட வேண்டும், அதை நினைத்துப் பார்த்தாயா என்று ஒருநாள் மட்டும் கேட்டான். இத்தனை வருடம் நான் உனக்கு வடித்துப் போட்டதற்கு ஊட்டினால்தான் என்ன என்று அவள் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் நூல் கோக்கவில்லை.

ஒரு தடவை தவறியது. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை நூல் ஊசிக்குப் பக்கத்தில் போய் வளைந்தது.  ஜன்னலில் நின்ற ஒரு கிழவி, நான் சொன்னேனே என்பது போல் நாக்கைச் சப்புக்கொட்டினாள். நெலியாவின் நெற்றியில் வேர்த்தது. நாலு வாரத்தில் பாதி போகப்போகிறது. இப்போது இவர்கள் வெளியே போனால் பிறகு எவரும் வாளிப் பக்கம் திரும்பமாட்டார்கள். அதைவிட மோசம், அவளே தன் விரல்களைச் சந்தேகத்தோடு விரித்துப் பார்த்தாள்.

டெசிங் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"மனாங், கண்ணாடி எங்க?"

நெலியா தலையைத் தடவினாள். நெற்றிமேலே ஏற்றி வைக்கிற கண்ணாடி அங்கே இல்லை. காலையில் தேய்த்த வீட்டில் நீராவி படிந்தது என்று கழற்றி வைத்தது ஞாபகம் வந்தது. ருஃபோ தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை நீட்டினான், ஒரு காது கம்பியால் கட்டியது. அதைப் போட்டுக்கொண்டு நெலியா நூலை நீட்டினாள். போனது.

"கையில ஒண்ணுமில்ல, கண்ணுதான் அவிஞ்சுபோச்சு" என்று டெசிங் சொன்னதும் மண்டபமே சிரித்தது. ஜன்னல் கிழவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே டெசிங் சட்டைக் கையை மடித்துவிட்டு, அன்று காலை முப்பது சட்டை தேய்த்த கையை வாளிக்குள் விட்டாள். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இருவர். வாரம் முடிவதற்குள் எட்டுப் பெண்களும் கழுவினார்கள். ருஃபோ கடைசி. அவன் நம்பவே இல்லை, அதை ஒளிக்கவும் இல்லை. என் பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டும், பஸ்மா வந்தால் அவர்கள் நர்ஸாகி என்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுக் கையை நனைத்தான். நம்பிக்கை பிறகு வரட்டும், கை முதலில் வரட்டும் என்று நெலியா விட்டுவிட்டாள். அவளுக்கு அது போதும்.

மறுதேர்வும் இரண்டு மணிக்குத்தான். நெலியா வேண்டுமென்றே அதே நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். ஒன்பது பேரும் காலையில் வழக்கம்போல வேலை பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது அவள் கட்டளை. ஓய்ந்த கையைக் காட்டித் தேறினால் அது என்ன தேர்ச்சி? ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நோயாளி கை ஆறும்வரை காத்திருக்க முடியுமா?

சோதிக்க வந்தவர் சார் டோர்மிடோ, முதல் தேர்வில் சோதித்தவரேதான். குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பேட்டை முழுக்கத் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு ஊருக்குப் போகவேண்டும். நல்ல மனதோடுதான் ஒரு வழி சொன்னார். கையில் அழுக்கு தெரியவில்லை, மருந்து ஸ்பிரிட் தடவிக்கொண்டால் போதும், கழுவும் படியை விட்டுவிட்டு மேலே போகலாம், மதிப்பெண் குறையாது.

கிரிசெல்டாவின் முகம் மலர்ந்தது. நாலு வாரத்துக்கு முன்னால் என்றால் இந்த ஒன்பது பேரும் அவருக்கு மெழுகுவத்தி ஏற்றிவைத்திருப்பார்கள். இப்போது டெசிங் முன்னால் வந்து நின்றாள்.

"வேணாம் சார். போன தடவ தண்ணி முன்னால வந்து நின்னுச்சு, நாங்க தொடல. இந்தத் தடவ நாங்க வந்து நிக்கிறோம், தண்ணியக் காணோம். கழுவாம தேறுனா, கழுவத் தெரியாமத்தான் தேறுனாங்கன்னு எழுதுவீங்க. அரை மணி நேரம் இருங்க."

சார் டோர்மிடோ நெலியாவைப் பார்த்தார். நெலியா புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அந்த ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

ருஃபோ வண்டியைக் கிளப்பினான். பின்னால் நாலு பெண்கள், மடியில் வாளிகள். கல்லறைத் தோட்டத்துப் பக்கத்தில் ஓர் அடிபம்பு உண்டு, ஆழமான கிணற்றுத் தண்ணீர், பல் கூசுகிற குளிர்ச்சி. துருப்பிடித்த பம்பு. மாற்றி மாற்றி அடித்து, நிரப்பி, தூக்கி, இறக்கி, இருபது நிமிடத்தில் வந்து நின்றார்கள். எல்லார் கையும் ரத்தமாகச் சிவந்து கொதித்துக்கொண்டிருந்தது. பஸ்மாவுக்கென்றே பார்த்துச் சமைத்தது மாதிரிக் கை. பேட்டையில் எந்தக் கிழவியைக் கேட்டாலும், இந்தக் கையைத் தண்ணீரில் விடாதே என்று காலில் விழுந்து கெஞ்சுவாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் குவளையால் ஊற்ற, மற்றவர் கழுவினார். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு. சார் டோர்மிடோ மணி பார்த்தார். கழுவவேண்டிய நேரத்தில் ஒருவர்கூட ஒரு நொடி குறைக்கவில்லை. கட்டிலை விரித்தார்கள், நோயாளியாகப் படுத்திருந்த கிரிசெல்டாவைப் புரட்டினார்கள், நாடி எண்ணினார்கள், பிரஷர் பார்த்தார்கள். கை ஏன் கழுவுகிறாய் என்று ருஃபோவிடம் கேள்வி வந்தபோது நெலியா அவன் வாயையே பார்த்தாள். இவன் பஸ்மாவைப் பற்றி ஏதாவது உளறிவைத்தால்?

ருஃபோ கொஞ்சம் யோசித்தான்.

"என் கைக்காக இல்ல சார். அவங்க உடம்புக்காக" என்றான்.

சார் டோர்மிடோ எழுதிக்கொண்டார்.

ஒன்பதுக்கு ஒன்பது. அவர் தாளை மடித்து உறையில் போடும்போதே நெலியாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் வாயால் சொல்ல வைத்துக் கேட்டாள். இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

மூன்றாம் நாள் சார் மொந்தெனெக்ரோ வந்தார். தேர்வு முடிவும், அடுத்த வகுப்புக்கான உத்தரவும் அவர் பையில் இருந்தன. உத்தரவில் படிப்பு பற்றிய வரியே இல்லை, இன்னும் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வெளியூர் வேலையை முடித்துக்கொண்டு, இரண்டு மணிநேரம் மோட்டார் சைக்கிளில் வெயிலில் வந்திருந்தார். கட்டிலைச் சுற்றி ஒன்பது பேரும் சீருடையில் நின்றார்கள், ருஃபோவின் சட்டை மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும் போல இருந்தது, டெசிங்கின் கைவண்ணம். நடுவில் நெலியா முழங்கைவரை நுரையோடு, கட்டிலில் படுத்திருந்த ஒரு கிழவியின் காலைச் சுத்தம் செய்துகாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் தப்பாக எழுதப் பார்த்தேன், மனாங் நெலியா, என்று அவர் மனம்விட்டுச் சொன்னார். பிறகு கைகுலுக்கக் கையை நீட்டினார்.

நெலியா கையை நீட்டவில்லை. உதட்டைக் குவித்து, அந்த ஊர் வழக்கப்படி, வாசலோரத்து வாளியைக் காட்டினாள். நோயாளி இருக்கும் இடம் இது, வெளியிலிருந்து வருகிற கை முதலில் அங்கே போகவேண்டும்.

சார் மொந்தெனெக்ரோ இரண்டடி நடந்தார். குவளையை எடுத்தார். அப்புறம் நின்றார். இரண்டு மணிநேரம் வண்டிக் கைப்பிடியைப் பிடித்துச் சிவந்திருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார். விரல்களை மடக்கி விரித்தார். கொஞ்சநேரம் ஆறட்டுமே என்பது போல, ஜன்னல் வழியாக எதையோ வேடிக்கை பார்த்தார்.

முதலில் கண்டுபிடித்தது டெசிங்தான். அவள் ருஃபோவை முழங்கையால் இடித்தாள். ருஃபோ கிரிசெல்டாவைப் பார்த்தான். சார் மொந்தெனெக்ரோவுக்கோ கல்லூரியில் பட்டம், சட்டையில் இரண்டு பேனா, சுவரில் மாட்டியது எத்தனை என்று யாருக்குத் தெரியும்.

"சார், நீங்களுமா?" என்றாள் நெலியா.

அவர் காது சிவந்தது. "எங்கம்மா ரொம்பக் கண்டிப்பு, மனாங்" என்றார், சின்னப் பையன் மாதிரி.

யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது பேருக்கும் அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரியும். டெசிங் போய் அவர் கையிலிருந்து குவளையை வாங்கினாள், தண்ணீரை மொண்டு, ஊற்றத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ருஃபோ சோப்பை நீட்டினான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். டெசிங் ஊற்றினாள்.

துடைத்துக்கொண்டு வந்து, மேசைமுன் உட்கார்ந்து, உத்தரவில் கையெழுத்துப் போட்டார். எழுத்து ஒரு இடத்திலும் கோணவில்லை. நெலியா தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுக்கம் இல்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, கிழவியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள்.